சக்கரம் வைத்த கால இயந்திரம்

"வண்டின்னா சக்கரம் வேணும்யா. இல்லேன்னா எலுமிச்சம்பழத்த எங்க வைக்கிறது?" என்றார் தயாரிப்பாளர் பொன்னுரங்கம். இது கால இயந்திரம், உருளாது, நின்ற இடத்திலேயே மறையும் என்று இயக்குநர் இளம்பரிதி மறுபடியும் சொன்னான். படத்தின் கதையே அதுதான். "மறையட்டும்யா, யாரு வேணாங்கிறா? பூஜையில பழம் நசுங்கணும். நசுங்காம நான் எந்தப் படத்தையும் ஆரம்பிச்சதில்ல." டைனோசருக்குக் குத்துப்பாட்டு கேட்டபோதும், வேற்றுக்கிரகத் தலைவனைக் கதாநாயகியின் தாய்மாமனாக மாற்றியபோதும் இளம்பரிதி பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டியவன்தான். இப்போது, "சக்கரம் வெச்சா நான் எடுக்கமாட்டேன் சார்" என்றான். "எடுக்காத. உன் அசிஸ்டென்ட் எடுப்பான்." பூஜையன்று காலை அலுமினிய முட்டை போலிருந்த அந்த இயந்திரம் நான்கு ஆட்டோச் சக்கரங்களின் மேல் நின்றது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பழம். இளம்பரிதி யாரையும் பார்க்காமல் வந்தான். உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். "எறங்குய்யா, நல்ல நேரம் போகுது!" என்று கத்தினார் பொன்னுரங்கம். உள்ளே அட்டையும் சீரியல் பல்புகளும் தவிர வேறெதுவும் இல்லை என்பது அதைச் செய்த ஆர்ட் டைரக்டர் சேவியருக்குத் தெரியும். அதனால் இயந்திரம் உறுமத் தொடங்கியதும் அவர்தான் முதலில் பின்வாங்கினார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. இயந்திரம் இருந்த இடத்தில் நான்கு சக்கரங்கள் மட்டும் நின்றன. பொன்னுரங்கம் குனிந்து ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்த்தார். "நசுங்கவே இல்ல. இது செல்லாது. அவன திரும்பி வந்து ஒழுங்கா கெளம்பச் சொல்லுங்க."