ஏழு வருடக் காய்நகர்த்தல்

ராதிசாவ் தெரிந்தேதான் ராணியை வெட்டக் கொடுத்தான். வுகோமான் பெரியவர் சதுரங்கப் பலகையை இரண்டு முறை பார்த்துவிட்டு, லபக்கென்று அதை எடுத்து மேசையோரம் வைத்தார்.

"ஏழு வருஷமா வர்ற. ஒரு ஆட்டமாவது ஜெயிச்சிருக்கியாடா?"

"உங்ககிட்ட ஆடி ஜெயிக்க முடியுமா பெரியப்பா?"

சொல்லும்போதே அவனுக்கு நாக்குக் கூசியது. எழுபத்தெட்டு வயது மனிதர் பள்ளிக்கூடப் பையனைப் போலத் தொடையைத் தட்டிச் சிரிப்பதை அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்று அந்த வீட்டுக் காவல் புனிதர் நிக்கோலாவின் திருநாள். செர்பிய மலைப்பக்கத்தில் இந்த விருந்துக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் முறைகேடு. வருகிறவர் தானாக வரவேண்டும், வந்தவர் கேட்டதற்கு அன்று இல்லையென்று சொல்வதும் வழக்கமில்லை. ஊரில் பாதி வீட்டில் இதே திருநாள், மீதிப் பேர் நாலு பெரிய வீடுகளாகப் பார்த்துப் போய்விடுவார்கள். வுகோமான் மேசையில் பன்னிரண்டு தட்டு வைத்திருந்தார், மீனும் பீன்ஸும் சாப்பிட்டது இரண்டு பேர்.

ராதிசாவுக்கு வேண்டியது பெரியவரின் ஊற்று நிலம். அவனுடைய ராஸ்பெர்ரித் தோட்டத்துக்கு நேர் மேலே, வற்றாத தண்ணீரோடு கிடந்தது. போன இரண்டு கோடையில் அவன் தோட்டம் பாதி கருகிவிட்டது. இன்னொரு கோடை அப்படிப் போனால் தோட்டமே இருக்காது.

திட்டம் அவன் மனைவி லுபிங்காவுடையது. "எடுத்த எடுப்புல கேட்டுடாத. புள்ளகுட்டி இல்லாத மனுஷன், பழகப் பழகத்தான் இளகுவாரு. மொத வருஷம் சும்மா போய்ட்டு வா" என்றாள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? முதல் வருடம் சும்மா போனான். அடுத்த வருடம் கூரை ஓடு மாற்றிக் கொடுத்தான். அதற்கப்புறம் சதுரங்கத்தில் தோற்கத் தொடங்கினான்.

நிலத்துப் பேச்சு பக்கத்தில் வரும்போதெல்லாம் பெரியவர் கையை வீசிவிடுவார். "திருநாளும் அதுவுமா வேலைப் பேச்சு எதுக்கு? அடுத்த வருஷம் வருவல்ல, பாத்துக்கலாம்."

இன்று காலை லுபிங்கா கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "இன்னிக்கு விட்டா வேற எவனாவது கேட்டுடுவான். வாங்காம வீட்டுக்கு வராத!"

பெரியவர் எழுந்து திருநாள் ரொட்டியை எடுத்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றி, இரண்டாகப் பிய்த்தார்கள். வீட்டு மகனோடு சேர்ந்து பிய்க்க வேண்டிய ரொட்டி அது.

பிளம் சாராயக் கிண்ணத்தை உயர்த்தினார் வுகோமான். "எனக்கொரு மகன் இருந்திருந்தா உன்னை மாதிரிதான் இருந்திருப்பான். நல்லாயிருடா!"

ராதிசாவுக்கு உடம்பெல்லாம் சுட்டது. காதுமடல் வரை சிவந்துபோனான். மகனாம்! ஒவ்வொரு தோல்வியையும் கணக்குப் போட்டுத் தோற்றவன் மகனா? கிண்ணத்தை உதடு வரை கொண்டுபோனவன் குடிக்காமல் கீழே வைத்துவிட்டான்.

"பெரியப்பா, நான் ஒரு ஈனப்பய."

"ஏன்டா, ராணி போனதுக்கா?"

"நான் விருந்துக்கு வரல. உங்க ஊத்து நிலத்துக்குத்தான் வந்தேன், மொத வருஷத்துலேர்ந்து. ஓடு மாத்துனது, ஆட்டத்துல தோத்தது, எல்லாமே திட்டம்தான். எனக்கு நிலமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மன்னிச்சிருங்க."

நிலம் போயிற்று, இனித் தோட்டமும் போயிற்று. வீட்டில் என்ன சொல்வது என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. இந்த மனிதர் முகத்தில் விழிக்காமல் வெளியே போய்விட்டால் போதும் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"உக்காருடா!"

பெரியவர் தடுமாறி நடந்து அலமாரியைத் திறந்தார். மடித்து மடித்துப் பழுப்பேறிப்போன ஒரு பத்திரத்தை அவன் முன்னால் வைத்தார்.

ஊற்று நிலம் முழுவதும் ராதிசாவுக்குத் தானம். பெரியவரின் கையெழுத்தும் தேதியும் பளிச்சென்று இருந்தன, அவன் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது. தேதியைப் பார்த்தான். அவன் முதன்முதலாக அந்த வீட்டுக்கு வந்ததற்கு மறுவாரம்.

"அப்ப... நான் எதுக்கு வந்தேன்னு உங்களுக்கு...?"

"தெரியும். உன் கண்ணு பூரா ஜன்னல் வழியா அந்த ஊத்து மேலதானே இருந்துச்சு."

"அப்பவே குடுத்திருக்கலாமே பெரியப்பா! என் தோட்டம் ரெண்டு கோடை கருகிச்சே!"

வுகோமான் பத்திரத்தின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் காதுமடலும் சிவந்திருந்தது.

"குடுத்திருந்தா மறு வருஷம் வந்திருப்பியாடா?"