மருமகனின் மானிட்டர்

“சார், எந்திரிங்க. நாற்காலியை நகர்த்துங்க. நான் மேசைக்கு அடியில போகணும்.”

அறை வாசலில் நின்ற, ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் சிஸ்டம் அண்ணன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: “யாரை வேணா எதிர்த்துப் பேசு பாப்பா. அந்த ஆளை மட்டும் சீட்டை விட்டு எழுப்பிடாத.”

அந்த ஆள், கட்டட வரைபடம் போடும் அந்த நிறுவனத்தின் மேலாளர். முதலாளியின் மருமகன். நாற்காலி, கல்யாணத்தோடு சேர்ந்து வந்தது.

அவருடைய கம்ப்யூட்டர் திரை மாதக்கணக்கில் இருண்டு கிடந்தது. சிஸ்டம் அண்ணன் டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினார். மானிட்டரை மாற்றினார். கடைசியில், “கிராபிக்ஸ் கார்டு போயிருக்கும் சார்” என்று உதட்டைப் பிதுக்கினார். புதுக் கார்டு வந்தது. கொஞ்ச நேரம் கோடுகோடாக ஓடியது. மறுபடி இருட்டு.

அந்த இருட்டுக்குள்தான் அவளுடைய பணி நிரந்தர ஆர்டரும் மாட்டிக்கொண்டிருந்தது. மேலாளர் தன் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அழுத்தினால்தான் அவளுக்கு வேலை நிலைக்கும். குடும்பத்திலேயே கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்.

“வேலை பெர்மனென்ட் ஆச்சாம்மா?” என்று அப்பா தினமும் கேட்பார்.

“மேனேஜருக்குத் திரை தெரியலப்பா.”

“நல்ல கண்ணாடியாப் போடச் சொல்லேன்.”

இன்று பொறுமை போய்விட்டது.

“எந்திரிக்கணுமா? நானா?” மேலாளர் நம்ப முடியாமல் எழுந்தார். அவள் தூசிக்குள் ஊர்ந்தாள்.

“அண்ணா! மானிட்டர் கேபிள் கழண்டு தொங்குது. இதுக்கா கார்டை மாத்துனீங்க? வாங்குற சம்பளத்துக்கு வெக்கமா இல்ல?”

மனதில் பட்டதை மறைக்கத் தெரியாத வாய் அவளுக்கு. சிஸ்டம் அண்ணன் கண்ணால் ஏதேதோ ஜாடை காட்டினார். குட்டு உடைந்துவிட்டதே என்ற பயம் போல என்று நினைத்தபடி, கேபிளை அழுத்திச் செருகினாள்.

திரை பளிச்சென்று விடிந்தது.

“கெட்டிக்காரி! உன் ஆர்டரை இப்பவே போட்டுடறேன்.” மேலாளர் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். “இரு, இது என்ன? நீ போட்ட பள்ளிக்கூட பிளானா?”

“ஆமா சார். எல்லாம் செக் பண்ணி முடிச்சாச்சு. நீங்க ஆர்டரை மட்டும்...”

“ஹால் நடுவுல எதுக்கும்மா தூணு? மேடையை மறைக்குதே.” மவுஸை ஒரு தட்டு. தூண் மறைந்தது.

“சார், மாடியே அதுமேலதான் நிக்குது!”

“படிச்ச பொண்ணு இப்படிப் பயப்படலாமா? அதெல்லாம் நிக்கும். மாடிப்படி எதுக்கு ரெண்டு? ஏற ஒண்ணு, இறங்க ஒண்ணா?” இரண்டாவது படியும் போயிற்று.

“தீப்பிடிச்சா பசங்க எப்படி சார் வெளிய வருவாங்க?”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?”

சேமிக்கட்டுமா என்று திரை கேட்டது.

“இதைச் சேவ் பண்ணா நேரா கட்டடம் கட்டுற சைட்டுக்கே போயிடும். அடுத்த கிளிக் உன் ஆர்டர்தான். வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிட்டுப் போ!” அம்புக்குறி மெல்ல நகர்ந்தது.

அவள் திகைத்துப்போய் வாசலைப் பார்த்தாள். முகமெல்லாம் வேர்த்து நின்ற சிஸ்டம் அண்ணன், ஒரு கையை இறுக்கி மூடி, எதையோ பிடுங்குவது போலப் பின்னால் இழுத்துக் காட்டினார்.

இத்தனை மாதமும் அந்தக் கேபிள் தானாகக் கழன்றதில்லை.

“சார், என் பேனா கீழ விழுந்திருச்சு” என்று மேசைக்கு அடியில் குனிந்தாள்.

திரை இருண்டது.

“ஐயையோ, என்னம்மா ஆச்சு?”

“கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சு சார். புதுசு வர ரொம்ப நாளாகும்” என்று கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தவள், ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே நடந்தாள்.