அமீனா பீவியின் ஜின்னு

அமீனா பீவி சிமினி விளக்கைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினாள்.

பத்து முழம் வரை விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. அதற்குக் கீழே, ஒரு பொட்டுக் காற்று அசையாத அந்த ஆழத்தில், யாரோ பக்கத்தில் நின்று ஊதின மாதிரி பொசுக்கென்று அணைந்தது.

குடத்தோடு நின்ற பெண்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"பாத்தீங்களா? ஜின்னு இன்னிக்கும் உள்ளதான் இருக்குது. மேல நின்னு தண்ணி சேந்திக்கிட்டுப் போங்க. எவனும் எறங்கிடாதீங்க. எறங்குறவனை அது பேர் சொல்லிக் கூப்புடும்" என்றாள் அமீனா பீவி.

அண்ணாகிராமத்துக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்கூட ஆகாத விஞ்ஞான வாத்தியார் ராஜமாணிக்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தும்பாவில் ராக்கெட் விடுகிற காலத்தில் ஜின்னாம், விளக்கை ஊதுகிறதாம்! ஊரை ஏமாற்றுகிற பொம்பளை என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

"ஜின்னுமில்ல, ஒரு மண்ணுமில்ல!" என்று கிணற்றை எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

'இல்ல... இல்ல...' என்று கிணறு அடிக்குரலில் திருப்பிச் சொன்னது. வாத்தியாருக்கே உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"மேல பாருங்க, பலாமரம். காத்துல இருக்கிற கரியமில வாயுவைக் குடிச்சுத்தான் அதோட இலை வளருது. அந்த இலை உதிர்ந்து இதுல விழுந்து அழுகுது. குடிச்ச வாயு திரும்ப வெளிய வருது. அது கனம் ஜாஸ்தி, அடியிலேயே தேங்கிடும். விளக்கை அணைக்கிறது அதுதான்."

"அப்ப வெறும் வாயுதானா சார்?"

கேட்டவன் சுப்புராயன். அவன் பெண்சாதி செல்லாயியின் சீர்த் தவலை முந்தாநாள் அந்தக் கிணற்றில் விழுந்திருந்தது. பாதாளக் கரண்டி போட்டுத் துழாவியும் அகப்படவில்லை. இரண்டு நாளாக அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை, செல்லாயிதான் எரிந்துகொண்டிருந்தாள்.

"வெறும் வாயுதான்யா" என்று வாத்தியார் பெருமையாகச் சிரித்தார்.

அவ்வளவுதான். சுப்புராயன் துண்டைத் தண்ணீரில் நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டினான். கிணற்றுப் படிக்கல்லில் காலை வைத்தான்.

"யோவ், எங்க எறங்குற? அந்த வாயு ஆளைக் கொன்னுடும்யா!"

"அதான் ஈரத்துண்டு கட்டியிருக்கேனே சார். ஜின்னுக்குத்தான் பயந்தேன். வாயு என்னா பண்ணிடும்? மூச்சைப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டு வந்துடுறேன்."

"ஈரத்துண்டெல்லாம் அதுக்குத் தாங்காது! ஏறு மேல!"

அவன் காதில் வாங்கவில்லை. மூன்று முழம், நாலு முழம் என்று தலை கீழே போய்க்கொண்டிருந்தது.

அமீனா பீவி வாத்தியாரின் பக்கத்தில் வந்தாள். குரல் அவருக்கு மட்டும்தான் கேட்டது.

"சார், எங்க வூட்டுக்காரவுங்க இதுலதான் மவுத்தானாங்க. அது வாயுன்னு டாக்டர் எனக்கும் சொன்னாரு. நானும் ஊருக்கெல்லாம் வாயுன்னுதான் சொன்னேன். மறு வருசம் என் தம்பிங்க ரெண்டு பேரும் இதே மாதிரி ஈரத்துண்டு கட்டிக்கிட்டு எறங்குனானுங்க. கெணத்தைப் பலகை போட்டு மூடுனேன். கோடையில தண்ணிக்கு ஊரே வந்து பேத்துடுச்சு. ஜின்னுன்னு சொன்ன பொறவு, பன்னெண்டு வருசமா ஒரு உசுரு போவல சார்."

ராஜமாணிக்கம் விளிம்பில் குப்புற விழுந்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"சுப்புராயா!"

எட்டாவது முழத்தில் இருந்தவனுக்கு, அது காலுக்குக் கீழேயிருந்து வந்தது.

'சுப்புராயா... ராயா...'

துண்டு ஒரு பக்கம் போக, முட்டி தேய அவன் மேலே வந்து விழுந்தான்.

"சார்... கீழேருந்து என் பேரைச் சொல்லிக் கூப்புட்டுச்சு சார். அதுவும் வாயுதானா?"

பெண்கள் எல்லாரும் வாத்தியாரைப் பார்த்தார்கள். அமீனா பீவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லய்யா, ஜின்னுதான்" என்றார் விஞ்ஞான வாத்தியார். "எனக்கும் கேட்டுச்சு."