அவசரக் கதவு

"தீப்பிடிச்சா ஓடற கதவை நான் பூட்டி வெச்சிருக்கேன்னு புகார் கொடுத்தானே அந்த வாட்ச்மேன், அவனை வேலையை விட்டுத் தூக்க முடியாதா?" மேனேஜர் உறுமினார்.

"முடியாது சார்," என்றார் கம்பெனி வக்கீல். "புகார் கொடுத்தவங்களைப் பழிவாங்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு."

"வேற ஊருக்கு மாத்தினா?"

"அதுவும் பழிவாங்கறதுதான்."

"முதலாளியே நினைச்சாலும்?"

"அவர் கை வெச்சாலும் கோர்ட்டுல பதில் சொல்லணும்."

மனுஷன் இப்போது எரிந்து விழப்போகிறார் என்று வக்கீல் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். மேனேஜரோ முகமெல்லாம் மலர, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப என் புகாரையும் எழுதிக்குங்க. கதவைப் பூட்டச் சொன்னதே முதலாளிதான்!"

"இத்தனை வருஷமா வாயே திறக்கலையே சார்?"

"இத்தனை வருஷம் ஆபத்து தொழிலாளிங்களுக்குத்தானே? இன்னிக்குச் சாயங்காலம் முதலாளி என் சீட்டைக் கிழிக்கப் போறாராம்!"