ஏழும் இரண்டும்

வெர்னா மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒரு மணி நேரமாக இதே கூத்து. ஓரெஸ்ட் தன் இரண்டு சீட்டுகளைக் கையில் எடுக்க வேண்டியது, அந்த அம்மா உடனே கண்ணை மூடிக்கொள்ள வேண்டியது. அவர் பார்த்து முடித்துக் கவிழ்த்து வைத்த பிறகுதான் திறப்பார்.

"என்ன மாப்பிள்ளே, உன் ஆட்டத்தைப் பார்த்து அந்தம்மாவுக்குத் தூக்கமே வந்துடுச்சு," என்றான் லைல். ஓரெஸ்டின் மனைவிக்கு அண்ணன்.

கூட்டம் சிரித்தது. ஓரெஸ்டுக்குக் காது சிவந்தது.

கனடாவின் சஸ்காச்சுவனில் பிப்ரவரி மாதத்து ஞாயிறு மதியம். வெளியே பனி. பனித்தரையில் கல் சறுக்கி ஆடும் கர்லிங் மன்றத்தின் கூடத்தில் வருடாந்தர போக்கர் சீட்டாட்டப் போட்டி. காலையில் அறுபது பேர் உட்கார்ந்தார்கள். இப்போது இரண்டே பேர். ஜெயிப்பவருக்கு லாஸ் வேகாஸில் நடக்கும் பெரிய போட்டியில் ஒரு இடம்.

சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர் ஓரெஸ்ட். ஒன்பது வருடமாக இங்கே ஆடுகிறார். ஒவ்வொரு முறையும் கடைசி ஆறு பேருக்குள் வருவார். ஆறாவது ஆளாக வெளியே போவார். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் 'ஆறாங்கிளாஸ்'. வேகாஸ் மேசையில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து எழுந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

தபால் நிலையத்து வெர்னாவுக்கும் அதே ஆசைதான். இரண்டு முறை இறுதி வரை வந்து தோற்றவர்.

இருவர் மட்டும் மிஞ்சியதும் நாற்காலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப் போட்டார்கள். அப்போதே வெர்னா அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்ல வந்தார். பேச்சுக் கொடுத்தே எதிராளியைக் குழப்புகிறவர்களை ஓரெஸ்ட் நிறையப் பார்த்திருக்கிறார். ஆட்டம் முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று வெட்டிவிட்டார். சற்று நேரம் கழித்து வெர்னா மறுபடியும் வாயைத் திறந்தபோது, ஓரெஸ்ட் சீட்டுப் போடுகிறவரிடமே புகார் சொல்லிவிட்டார். அவரும் வெர்னாவைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கண் மூடல். தன்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை என்றுதான் ஓரெஸ்டுக்குத் தோன்றியது.

புதுச் சீட்டு விழுந்தது. ஓரெஸ்ட் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

ஏழு ஒன்று, இரண்டு ஒன்று. வேறு வேறு ஜாதி. இந்த ஆட்டத்தில் இதைவிட மட்டமான கை கிடையாது.

வெர்னா கண்ணைத் திறந்தார். தன் சீட்டைப் பார்த்தார். தன்னிடம் இருந்த பந்தய வில்லைகளில் மூன்றில் ஒரு பங்கை நிதானமாக நடுவே தள்ளினார்.

போட்டுவிட்டு ஒதுங்க வேண்டிய கை. ஆனால் ஓரெஸ்ட் ஒதுங்கவில்லை, யோசித்தார். ஒரு மணி நேரமாக ஒதுங்கிக்கொண்டே இருந்திருக்கிறோம். நல்ல கை வராமல் இந்த ஆள் துணிய மாட்டான் என்று கூடமே நம்புகிறது. அந்த நம்பிக்கைதான் இப்போது கையில் இருக்கும் ஒரே நல்ல சீட்டு. இன்னும் கொஞ்ச நேரம் போனால் வில்லைகள் கரைந்துவிடும். பிறகு துணிந்தாலும் யாரும் பயப்பட மாட்டார்கள்.

"ஆல்-இன்," என்றார்.

இருந்ததையெல்லாம் இரண்டு கையாலும் நடுவே தள்ளினார். வெர்னாவும் இறங்கினால் ஏழும் இரண்டும் எல்லோர் முன்னாலும் மல்லாந்து கிடக்கும். மறுபடியும் தோல்விதான்.

கூடத்தில் காப்பிக் கெண்டி கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வெர்னா அவர் முகத்தைப் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த அவர் சீட்டுகளைப் பார்த்தார். இரண்டு நிமிடம்.

பிறகு தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினார். இரண்டு எட்டுகள். ஓரெஸ்டின் கையைவிட எவ்வளவோ மேலான ஜோடி.

"இவர் சும்மா இறங்கற ஆள் இல்ல. நான் விட்டுடறேன்."

ஓரெஸ்ட் தன் கையைத் திருப்பிக் காட்டியபோது கூரை அதிர்ந்தது. கால் மணி நேரத்தில் மீதி வில்லைகளும் அவர் பக்கம் வந்துவிட்டன. வெர்னா கை குலுக்கிவிட்டுக் குளிர் அங்கியை எடுக்கப் போனார்.

போட்டோ எடுக்க வேண்டும், முகத்தில் வெளிச்சம் விழட்டும் என்று ஓரெஸ்டை வெர்னாவின் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். லைல் சும்மா இருப்பானா? ஓரெஸ்டின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். இரண்டு சீட்டுகளை எடுத்து, அவரைப் போலவே கண்ணை இடுக்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஓரெஸ்டும் சிரித்தார்.

சட்டென்று அவர் சிரிப்பு நின்றது.

இஸ்பேட் ராணி. டைமன் நாலு. லைல் கையில் இருந்தது இந்த நாற்காலியிலிருந்து புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

எழுந்து வாசலுக்கு ஓடினார். வெர்னா பனிக் காலணிக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அவர் இன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாமே..." என்றார்.

"ரெண்டு தடவை வந்தேன். நீங்கதான் விடல."

"ஒரே ஒரு தடவை பார்த்திருந்தா, வேகாஸ் போறது நீங்க."

வெர்னா கையுறையை மாட்டிக்கொண்டார்.

"அங்க சீட்டை மேசையில வெச்சே, ஓரத்தை மட்டும் நிமிர்த்திப் பாருங்க ஓரெஸ்ட். அங்க ஆடறவங்க எல்லாம் கண்ணைத் திறந்துக்கிட்டேதான் ஆடுவாங்க."