மயில்கழுத்துச் சேலை

சிவகாசி அச்சகத்தில் கணினித் திரைகளோடு சேர்த்து, வேலை செய்கிறவர்களின் கண்வில்லைக்கும் எல்லோருக்கும் ஒரே நிறம் தெரியும்படி வாராவாரம் நிறம் திருத்துவார்கள். இந்தத் தடவை வீட்டாருக்கும் இலவசம் என்றதும், அங்கே வேலை பார்க்கும் பொன்மாடத்தி தன் கணவன் ஞானராஜையும் இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் ஆயுதபூஜை. மயில்கழுத்துக் கல்யாணச் சேலையை எடுத்து உடுத்தினாள். இருபது வருஷமாக அது அவளுக்கு நீலம், அவனுக்குப் பச்சை. அந்தச் சண்டை ஓய்ந்ததே இல்லை.

“என்ன கலருங்க?” என்று வம்புக்கு இழுத்தாள்.

“நீலம்,” என்றுவிட்டு அவன் இட்லியைப் பிட்டான். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

சாயங்காலம் அச்சகத்தில் பூஜை முடிந்ததும் நிறம் திருத்துகிறவரைப் பிடித்தாள். “அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு கண்ணைப் பழையபடியே ஆக்கிருங்க.”

“மத்தியானமே வந்து மாத்திட்டுப் போயிட்டாரேம்மா!”

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. “பச்சைச் சேலையில எங்க சுத்திட்டு வர்றே?”

பொன்மாடத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நீலம்!”