விருந்தினருக்கு மட்டும்

"இன்னொரு கிளாஸ் குடிங்க மேடம், பேசிப் பேசித் தொண்டை வறண்டிருக்கும்" என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மாள் பழச்சாற்றை ஊற்றினார்.

தலைமையாசிரியைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாணவர் நலத்தில் சிறந்த பள்ளி என்ற விருது வாசல்வரை வந்து நிற்கிறது, வேண்டாம் என்றா சொல்வார்? மடமடவென்று குடித்தார். அதற்குமுன் உள்ளே போனதே ஒரு குட்டிக் குளத்தை நிரப்பியிருக்கும்.

பெருமை சொல்லி மாளவில்லை. யோகா வகுப்பு, பூச்செடிகள், சுவரெங்கும் பல்லைக் காட்டும் சூரியன்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, மாணவிகளுக்கென்று நன்கொடையில் கட்டிய கழிப்பறை. அந்தத் தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். எந்த அரண்மனையிலும் அப்படிக் கிடையாது.

பின்னே? திறப்பு விழா அன்றே பூட்டியாகிவிட்டது. விருந்தினருக்கும் தலைமையாசிரியைக்கும் மட்டும்தான் அது திறக்கும்.

"பிள்ளைங்களை விட்டா ஒரே நாள்ல நாறடிச்சிடும் மேடம். காலையில வீட்ல போயிட்டு வரட்டும், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கட்டும்."

அதிகாரியும் சற்றுமுன் சாவி வாங்கிக்கொண்டு போய்விட்டுத்தான் வந்தார். வரும் வழியில் மாணவிகளோடு வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றார். அறைக்குள் நுழைந்தபோது முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. பாவம், வெயில் என்று நினைத்துக்கொண்டார் தலைமையாசிரியை.

அப்போது ஊற்ற ஆரம்பித்தவர்தான்.

பேச்சின் நடுவே தலைமையாசிரியை காலை மாற்றிப் போட்டார். மறுபடி மாற்றினார். குஷன் நாற்காலி முள்ளாகக் குத்தியது. அடிவயிற்றில் ஓர் அணை, இப்போதோ அப்போதோ என்று நின்றது.

"மேடம்... அந்தச் சாவி?"

"அதுவா? பிள்ளைங்க கையில கொடுத்துட்டேனே!"

தலைமையாசிரியை ஜன்னலுக்குப் பாய்ந்தார். கழிப்பறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. வரிசை மைதானத்தைச் சுற்றி வளைந்து, விட்டால் அடுத்த ஊருக்கே போய்விடும் போலிருந்தது.

"ஐயோ, விருது?"

"அது கிடக்கட்டும். கடைசியில இடம் இருக்கு, போய் நில்லுங்க."

புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அந்த உடம்புக்கு அப்படி ஒரு ஓட்டம் வருமென்று அவருக்கே தெரியாது.

வரிசையின் கடைசியில் ஒரு குட்டிப் பெண். முழங்காலோடு முழங்காலை இறுக்கிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றிருந்தாள். திரும்பி, தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று ஒதுங்கி வழிவிட்டாள்.

"நீங்க முன்னாடி போங்க மிஸ். எங்களுக்கு அடக்கிப் பழக்கம்தான்."